பதினொன்றாவது சீசனும் என் மனைவியின் சாட்சியமும்

எங்கள் வீட்டில் அந்தத் தொடரைப் பத்து சீசன் பார்த்து முடித்திருந்தோம். உண்மையில் பார்த்தது என் மனைவிதான். சின்னமனூரில் நான் வைத்திருக்கும் டூவீலர் உதிரிபாகக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சாப்பிட உட்காரும்போது பாதியிலிருந்து பார்ப்பேன். வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேசவைத்திருந்தார்கள். முதல் பாதியில் போலீஸ் ஆளைப் பிடிக்கும், அடுத்த பாதியில் கோர்ட்டில் வழக்கு நடக்கும். செத்தது யார் என்று தெரியாமலேயே நான் எத்தனையோ தீர்ப்புகளைக் கேட்டிருக்கிறேன்.

பதினொன்றாவது சீசன் வந்தபோது வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. பத்து சீசனாக அரசுத் தரப்பில் வாதாடிக்கொண்டிருந்த நரைத்த தலை வக்கீலை எடுத்துவிட்டு, கிராப் வெட்டிய ஓர் இளம்பெண்ணைப் போட்டிருந்தார்கள். அவர் ஏன் போனார் என்று ஒரு வரி வசனம்கூட இல்லை. என் மனைவிக்கு அது தாங்கவில்லை. முதல் நாலு பகுதிகளிலும் அந்தப் பெண் வாயைத் திறந்தாலே இவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த வாரம்தான் சம்மன் வந்தது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், மார்க்கையன்கோட்டையில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒருவர் மொபெட்டில் வாழை இலைக் கட்டு வைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப் ஒன்று வளைவில் முந்தப் பார்த்து அவரை இடித்துவிட்டது. மனுஷன் வாய்க்காலில் விழுந்தார், காலில் எலும்பு முறிவு. என் மனைவி ஜீப்பின் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டாள். ஜீப் டிரைவர் ஓடவில்லை. அவரே இறங்கி, அடிபட்டவரைத் தூக்கித் தன் ஜீப்பில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விழுந்தவரின் ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு இவளும் பின்னாலேயே போனாள். போலீஸ் வந்து கேட்டபோது பார்த்ததைச் சொன்னாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம்.

சம்மனைப் படித்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை, எங்கள் கல்யாணத்தன்று கூடப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. உடனே ஒத்திகை தொடங்கிவிட்டது. சாப்பாட்டு மேசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பாள். நான் எதிர்த்தரப்பு வக்கீல். எனக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை என்று திட்டு வேறு. அன்றைக்கு என்ன நிறச் சேலை கட்டியிருந்தாய் என்று ஒருநாள் கேட்டேன். ஆட்சேபிக்கிறேன் என்றாள். சாட்சி ஆட்சேபிக்க முடியாது என்றேன். அப்படியானால் எனக்காக யார் ஆட்சேபிப்பது என்று கேட்டாள். ஜீப் எவ்வளவு வேகத்தில் வந்தது என்ற கேள்விக்கு மட்டும் பதிலை உறுதியாக வைத்திருந்தாள். எண்பது. அதைச் சொல்லும்போது வலது கையை லேசாக உயர்த்துவாள்.

முதல் தடவை உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போனபோது நீதிபதி விடுப்பு. பட்டுச்சேலை கட்டியது வீண். இரண்டாம் தடவை காலையிலிருந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஜீப் டிரைவரும் அங்கேதான் இருந்தார். குமுளிப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து பெஞ்சில் இடம் கொடுத்தார்.

“சேச்சி, இங்கன உக்காருங்க. இன்னைக்கும் வாய்தாதான், கேட்டுட்டு வந்தேன்.”

“நீங்க எங்கிட்டப் பேசக் கூடாதுப்பா. நான் ஒங்களுக்கு எதிரா வந்த சாட்சி” என்றாள் இவள். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அவரும் அதை மதித்து என்னிடம் மட்டும் பேசினார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாளாம். லைசென்ஸ் போய்விட்டால் வேறு தொழில் தெரியாதாம். இவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது, குழந்தைக்குப் பெயர் வைத்தாகிவிட்டதா என்று நான் கேட்டேனா என்று விசாரித்தாள்.

அதற்குள் சீசன் பாதி தாண்டியிருந்தது. ஒரு பகுதியில் அந்தக் கிராப் வக்கீல், தன் சொந்த சாட்சி தப்பாகச் சொல்கிறார் என்று தெரிந்ததும் நடுக்கோர்ட்டில் எழுந்து வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டாள். ஜெயிக்கவேண்டிய வழக்கு. என் மனைவி சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மறுநாளிலிருந்து அந்தப் பெண் எங்கள் வீட்டில் ‘நம்ம வக்கீலம்மா’ ஆகிவிட்டாள். ஒத்திகையும் நின்றுபோனது. ஏன் என்று கேட்டேன், மூட்டு வலிக்கிறது என்றாள்.

மூன்றாம் தடவை கூப்பிட்டுவிட்டார்கள். சாதாரண நூல் சேலையில் கூண்டில் ஏறினாள். நான் கடைசி வரிசையில் நின்றேன். தொடரில் வருவதுபோல் ஜூரி என்று பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கேட்கவில்லை. ஃபேன் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னாள், டிரைவரை அடையாளம் காட்டினாள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நம்பரைப் போலீஸ் சொல்லிக்கொடுத்ததா என்றார். இல்லை, கையில் எழுதினேன் என்றாள். அடுத்து, ஜீப் என்ன வேகத்தில் வந்தது என்றார்.

நான் அவள் வலது கையைப் பார்த்தேன். அது உயரவில்லை.

“வேகம் எனக்குத் தெரியாதுங்கய்யா. என் ஸ்கூட்டர் சாஞ்சிராமப் பிடிக்கிறதிலயே இருந்தேன். வளைவுல முந்துனதப் பாத்தேன், இடிச்சதப் பாத்தேன். அம்புட்டுத்தான்.”

வேறு கேள்வி இல்லை என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இவள் இறங்கவில்லை. நீதிபதியைப் பார்த்து, இன்னும் ஒன்று சொல்லலாமா என்று கேட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார் அவர். பிறகு என்ன நினைத்தாரோ, சொல்லுங்க என்றார்.

“இடிச்சது இவரு தப்புத்தான். ஆனா ஓடலைங்கய்யா. அவரே தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேத்தாரு. நான் கூடவே போனேன். போலீசுல இதையும் சொன்னேன், அவுக எழுதாம விட்டுட்டாக போல.”

நீதிபதி தட்டச்சு செய்பவரிடம் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் சேர்த்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் அந்த டிரைவர் இவளுக்கு எதிரில் வந்து நின்றார். பேசக் கூடாது என்ற நினைப்போ என்னவோ, கையை மட்டும் கூப்பினார். இவள்தான் வாயைத் திறந்தாள். “வளைவுல முந்தாதீங்கப்பா” என்றாள்.

நாலு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அபராதம் போட்டு, கண்டித்து விட்டுவிட்டார்கள். ஜெயில் இல்லை. கால் முறிந்தவர் இப்போதும் அதே மொபெட்டில் வாழை இலை கொண்டுபோகிறார். பிரேக் கேபிள் என் கடையில்தான் வாங்குவார்.

சாட்சி சொல்லி முடித்த அன்றைக்கு நாங்கள் கம்பத்திலிருந்து வந்த தேனி பஸ்ஸில் ஏறினோம். உட்கார்ந்ததும் தேவதானப்பட்டியில் இருக்கும் தன் தங்கைக்கு போன் போட்டு நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். வக்கீலுக்குக் கட்டைக்குரல், நீதிபதிக்கு மெல்லிய குரல், தனக்குத் தன் குரல். கோர்ட்டில் பேசியதைவிட நன்றாகவே பேசினாள் என்று சொல்லவேண்டும். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். யாரோ பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர் எங்கள் சீட்டுப் பக்கத்தில் கம்பியில் சாய்ந்து நின்றுவிட்டார். சின்னமனூர் வந்தபோது அவள் வேகத்தைப் பற்றிய கேள்வியில்தான் இருந்தாள்.

நான் எழுந்து பையை எடுத்தேன். கண்டக்டர் விசிலை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, “இறங்கிக்கிட்டே சொல்லுங்கக்கா, நீங்க என்ன சொன்னீக?” என்றார்.

படியில் நின்றபடி சொன்னாள். அதன் பிறகுதான் விசில் கேட்டது.