முன்சக்கரப் பூட்டு

எனக்கு அறுபத்தொன்று. என் ஜீப்புக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. ஈப்போவில், குனோங் ராபாட்டில் என் வீட்டு வாசலில் அது நிற்பதைப் பார்த்து, அக்கம்பக்கத்தார் ஏதோ ஆசைக்கு வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். ஆசையும் இல்லை, மண்ணும் இல்லை. பீடோருக்கு உள்ளே பழைய ரப்பர் எஸ்டேட்டில் இருந்த அக்காவைப் போய்ப் பார்க்கத்தான் அதை வைத்திருந்தேன். ரப்பர் போய் செம்பனை வந்த பிறகு, லயத்து வரிசை வீடுகளில் அவள் வீடு ஒன்றில்தான் ஆள் இருந்தார்கள். செம்பனை லாரிகள் உழுதுபோட்ட அந்தச் செம்மண் பாதையில் கார் போகாது.

மண்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு முனியாண்டி கல் உண்டு. எப்போது போனாலும் அங்கே நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சூடம் கொளுத்துவேன். அப்படியே முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கும் பூட்டைக் கையால் திருப்பிவிடுவேன். இப்போது வரும் வண்டிகளில் ஒரு பொத்தானை அமுக்கினால் நாலு சக்கரமும் இழுக்கிறது. என் வண்டியில் உள்ளே லீவரைப் போட்டால் மட்டும் போதாது. வெளியே பூட்டையும் திருப்ப வேண்டும், இல்லையென்றால் முன்சக்கரம் சும்மா உருளும். இத்தனை வருடத்தில் கும்பிடுவதும் பூட்டுவதும் எனக்கு ஒரே வேலையாகிவிட்டது.

அக்கா வீட்டுக்காரர் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் அக்காவை மோட்டார் சைக்கிளில் டயாலிசிசுக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். இப்போது அந்த வேலை என் தலையில் விழுந்தது. என் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. பதினாறு நாளும் அவர் படத்துக்கு முன்னால் விளக்கு எரிய வேண்டும், கருமாதி முடியாமல் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்வது? விடியும் முன்னே ஈப்போவிலிருந்து கிளம்பி, அவளைப் பீடோரில் இறக்கி, நாலு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டு, மதியத்துக்கு மேல் பேரங்காடியில் காவல் வேலைக்கு நின்றேன். நின்றுகொண்டே தூங்கினேன்.

"சாவு வூட்டுக்கு வந்து போற வண்டி, கருமாதி வரைக்கும் முனியாண்டிகிட்ட நிக்கக் கூடாது தம்பி" என்று அக்கா சொல்லியிருந்தாள். அதனால் கல்லைப் பார்க்காத மாதிரி கடந்துபோனேன். அந்த நாட்களில் மழை இல்லை, பாதை காய்ந்து கிடந்தது. ஒன்பதாம் நாளுக்கு முந்தின இரவுதான் கொட்டித் தீர்த்தது.

காலையில் போகும்போது இறக்கம், சறுக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டேன். அக்காவை ஏற்றிக்கொண்டு வரும்போது அதே இடம் ஏற்றம். லீவரைப் போட்டேன், கீழ் கியரைப் போட்டேன். பின்சக்கரம் இரண்டும் சேற்றை வாரி இறைத்தன, வண்டி நகரவில்லை. முன்பக்கம் இழுக்கவே இல்லை. அச்சு போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

"மணி ஆகுது லா தம்பி. லேட்டானா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றாள் அக்கா. அவள் கால் இரண்டும் வீங்கியிருந்தன. இந்த முறை தவறினால் மூச்சு முட்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

மிச்சம் இருந்தது வண்டி முன்னால் கம்பி வடம் சுற்றியிருக்கும் வின்ச்தான். அது பேட்டரியில் ஓடுவதில்லை, எஞ்சினே இழுக்கும். உருளையை விடுவித்து, கம்பி வடத்தைத் தோளில் போட்டு, முழங்கால் சேற்றில் மேட்டுக்கு ஏறினேன். எல்லைக்கென்று வெட்டாமல் விட்ட ரப்பர் மரம் ஒன்று அங்கே இருந்தது. அதைச் சுற்றிப் பட்டையைக் கட்டி வடத்தை மாட்டினேன். அறுந்தால் எகிறாமல் இருக்க, வண்டியிலிருந்து எடுத்துவந்த கைலியைச் சேற்றில் நனைத்து வடத்தின் மேல் போட்டேன். திரும்பி வருவதற்குள் நெஞ்சு அடைத்தது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். போதும்டா சாமி என்று வாய்விட்டே சொன்னேன். அக்கா காதில் அது விழுந்திருக்கும்.

எழுந்து ஏறி, சக்கரத்துக்குப் போகும் இழுவையை நிறுத்தி, கிளட்சை மிதித்து வின்ச் லீவரைத் தள்ளினேன். முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டதும் வடம் விறைத்தது. வண்டி அங்குலம் அங்குலமாக ஏறியது. மேட்டுக்கு வர அரை மணி நேரம் ஆனது.

வடத்தைச் சுற்றுவதற்கு முன்னால் குனிந்தபோதுதான் பார்த்தேன். பூட்டு திறந்து கிடந்தது. சேற்றைத் துடைத்துவிட்டு அடுத்த சக்கரத்தையும் பார்த்தேன், அதுவும் அப்படியே. அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லிடம் நிற்காததால் என் கை பூட்டை மறந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டையும் திருப்பிப் பூட்டினேன். சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

உள்ளே ஏறி உட்கார்ந்ததும் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"வண்டிக்கும் முடியல. ஒனக்கும் முடியல. இன்னிக்கு ரத்தம் மாத்திட்டு நேரா ஒன் வூட்டுக்கே வாரேன். வெளக்க அவரு பாத்துக்குவாரு."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வண்டி நன்றாகத்தான் இருக்கிறது அக்கா, இன்னும் ஏழு நாள்தானே, நான் கூட்டிவருகிறேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். கியரைப் போட்டேன். மீதிச் சேற்றில் நாலு சக்கரமும் கடகடவென்று இழுத்துக்கொண்டு போயின.

"இப்ப நல்லாத்தான போவுது" என்றாள் அக்கா.

"மேடு முடிஞ்சிருச்சில்ல" என்றேன்.