அரை நிமிடம் பிந்தி வந்த கார்

ஒரு பந்தயக் காருக்காக ஓராண்டு முழுவதும் வேலை செய்தேன். அந்தக் காரை நேரில் பார்த்ததில்லை. உள்ளே என்ன வாடை அடிக்கும், கதவைச் சாத்தினால் எப்படிச் சத்தம் வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு சுற்றுக்கு அது எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்பது மட்டும் தெரியும். எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

மணிக்கணக்கில் ஓடும் பந்தயங்கள் அவை. ஒரே காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். நடுநடுவே பெட்ரோல் போடவும் டயர் மாற்றவும் கார் உள்ளே வந்து நிற்கும். எப்போது நிற்பது, எவ்வளவு போடுவது என்ற கணக்குத் தப்பினால் வேகமாக ஓட்டியதெல்லாம் வீண். குழு ஐரோப்பாவைச் சேர்ந்தது. பந்தயங்கள் நாடு நாடாக நடந்தன. கணக்குப் போடுகிற நான் திருநகரில், அப்பா அம்மாவோடு குடியிருந்த வாடகை மாடி வீட்டின் பின் அறையில், லேப்டாப்பும் ஹெட்செட்டுமாக உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரியில் மாணவர்கள் சேர்ந்து கட்டிய காருக்கு எரிபொருள் கணக்கு என்னுடையது. அதைப் பார்த்துத்தான் இந்த வேலை வந்தது. சிபாரிசு கிடையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; எனக்காகப் பேச யாரும் இருந்ததில்லை. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை, பெருமைதான்.

அப்பாவும் அம்மாவும் திருமங்கலத்துக்குத் தெற்கே அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்துப் பிழைத்தவர்கள். இப்போது அப்பா சொந்த லோடு ஆட்டோவில் மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறார். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். டவுன் பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. எங்கள் காரின் எண்ணும் அவர் முன்பு ஏறிய பஸ்ஸின் எண்ணும் ஒன்று. அதனால் டிவியில் அத்தனை கார்கள் ஓடினாலும் அவர் கண் தவறாது. "அந்தா, நம்ம பஸ்சு" என்பார்.

முதல் பந்தயத்தன்று அம்மா என் அறைக்கு ஒரு கூடை எலுமிச்சம்பழத்தோடு வந்தார். வண்டி கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது எங்கள் வீட்டில் தவறாத வழக்கம். கார் எங்கோ இருக்கிறது. என் நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. அம்மா குனிந்து அதற்கு அடியில் பழங்களை வைக்க ஆரம்பித்தார்.

"என்னம்மா பண்ற? இது நாற்காலிம்மா."

"இதுல உக்காந்துதான ஓட்டுற?"

"நான் ஓட்டல. கணக்குப் போடுறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். காலத் தூக்கு."

வாசலில் நின்ற அப்பா எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏன் அஞ்சு வைக்கிற? வண்டிக்கு நாலு சக்கரந்தான" என்றார்.

"இதுக்கு அஞ்சு இருக்குல்ல. ஒண்ணுக்கு மட்டும் வைக்காம விட்டா அது என்ன பாவம் பண்ணுச்சு?"

நாற்காலியை முன்னால் உருட்டினேன். சாறு தரையில் ஒட்டிப் பிசுபிசுத்தது. படித்த பிள்ளை இதைச் செய்கிறேனே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் உருட்டினேன்.

பந்தயம் தொடங்கியதும் அறைக் கதவைச் சாத்திவிடுவேன். வெளியே கூடத்தில் அவர்கள் டிவியில் பார்ப்பார்கள். என் திரையில் எண்கள் உடனுக்குடன் வரும். டிவியில் படம் அரை நிமிடம் பிந்தி வரும். நான் ஒன்றைத் தெரிந்துகொண்டு அதற்கு அடுத்ததில் இறங்கியிருக்கும்போதுதான் முதலாவதற்கான கூச்சல் கதவுக்கு அப்பால் கேட்கும். ஆண்டு முழுக்க அவர்கள் பார்ப்பதை நான் கேட்டேனே தவிர, அவர்கள் பார்க்கும்போது அவர்களைப் பார்த்ததில்லை.

கடைசிப் பந்தயம் வளைகுடா நாடு ஒன்றில். ஆறு மணி நேரம். நம் நேரத்துக்கு மதியச் சாப்பாட்டு வேளையில் தொடங்கி விளக்கு வைக்கும் வேளையில் முடிவது. எங்கள் பிரிவில் எங்கள் காரும் ஒரு வெள்ளைக் காரும் ஆண்டு முழுக்கச் சமமாக வந்திருந்தன. இதில் எது முன்னால் முடிக்கிறதோ அதற்குத்தான் ஆண்டின் கோப்பை. எனக்கு வேறொன்றும் இருந்தது. தலைமை இன்ஜினியர் முன்பே சொல்லியிருந்தார்: என் ஒப்பந்தம் இந்த ஆண்டோடு முடிகிறது, அடுத்த ஆண்டு குழுவோடு பந்தய மைதானத்துக்கே என்னை அழைத்துக்கொள்வதா, இத்தோடு விடுவதா என்பதை இந்தப் பந்தயம் முடிந்ததும் சொல்வார். நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

அன்று மாமா ஒரு இன்வெர்ட்டரோடு வந்திருந்தார். அம்மாவின் தம்பி, கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கரண்ட் போனால் என் அறைக்காவது வேண்டும் என்று கொண்டுவந்தார். கரண்ட் போகவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

"ரெண்டு பாக்ஸும் கொண்டாந்திருப்பேன் மருமகளே. தெருவே கேட்டிருக்கும்."

"தெரு கேட்டு என்ன மாமா பண்ணப் போகுது?"

"யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேக்கும்ல."

நாற்காலியை எலுமிச்சம்பழங்கள் மேல் உருட்டிக் கதவைச் சாத்தினேன்.

ஐந்து மணி நேரம் விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. ஆறாவது மணி நேரத்தில் வெள்ளைக் கார் கடைசியாக ஒருமுறை பெட்ரோல் போட்டுவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்தது. எங்கள் திட்டத்திலும் இன்னொரு முறை நிற்பதாக இருந்தது. நின்றால் அது முன்னால் போய்விடும். திரும்பப் பிடிக்க நேரம் இல்லை. நிற்காவிட்டால் இருக்கிற பெட்ரோல் முடிவுக் கோடு வரை வர வேண்டும்.

தலைமை இன்ஜினியர் ஹெட்செட்டில் கேட்டார். நிற்கவா, வேண்டாமா?

கணக்கைப் போட்டேன். வளைவுகளுக்கு முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, காரைத் தானாக ஓடவிட்டு ஓட்டினால் வரும். அப்படி ஓட்டினால் வேகம் குறையும், வெள்ளைக் கார் நெருங்கும். நெருங்கினாலும் முந்துவதற்குள் பந்தயம் முடிந்துவிடும் என்றது கணக்கு. இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். அதே விடை.

"நிற்க வேண்டாம்" என்றேன்.

எந்த வளைவில் எங்கே காலை எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் ஓட்டுநரிடம் சொன்னார். கார் மெதுவானது. இடைவெளி சுற்றுக்குச் சுற்று குறைந்தது. அரை நிமிடம் கழித்துக் கதவுக்கு அப்பால் மாமாவின் குரல் கேட்டது.

"என்ன மச்சான், நம்மாளு உருட்டுறான். தூங்கிட்டானா?"

அப்பா, "பின்னாடி வெள்ளக்காரு வந்துட்டானே மாப்ள" என்றார்.

அம்மா சொன்னது தெளிவாகக் கேட்டது. "அவ சொல்லித்தான் மெதுவாப் போவான். சும்மா பாருங்க ரெண்டு பேரும்."

அம்மாவுக்கு இந்தப் பந்தயத்தின் விதி ஒன்றுகூடத் தெரியாது.

கடைசிச் சுற்றில் வெள்ளைக் கார் எங்களை ஒட்டி வந்தது. பெட்ரோல் அளவு காட்டும் கோடு கீழே உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன். கடைசி வளைவின் நேரம் திரையில் வந்தது. பிறகு முடிவுக் கோட்டின் நேரம். எங்கள் எண் மேலே, அவர்கள் எண் கீழே. ஹெட்செட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். காது வலித்தது. கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

கூடத்தில் பந்தயம் இன்னும் முடியவில்லை. டிவியில் எங்கள் கார் கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் இருந்தது, வெள்ளைக் கார் அதன் முதுகில். மூவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா முந்தானை நுனியைப் பல்லில் கடித்திருந்தார். மாமா, வாய் ஓயாத மாமா, ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்பா நின்றுகொண்டிருந்தார். அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, ஆட்டோவில் மேடு ஏறும்போது அழுத்துவது போல. ஒவ்வொரு பந்தயத்திலும் இப்படித்தான் நின்றிருப்பாரா என்று யோசித்தேன். கேட்டதில்லை. என்னிடம் விடை இருந்தது. சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து அவர்களையே பார்த்தேன்.

கார் கோட்டைத் தாண்டியது. மாமா ரிமோட்டைச் சோபாவில் எறிந்தார். அப்பா காலை எடுத்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"எப்ப வந்த?"

"இப்பத்தான்."

"எண்ணெ எம்புட்டு மிச்சம்?"

"இன்னொரு சுத்துக்குக் காணாதுப்பா."

"அம்புட்டுத்தானா" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அறைக்குத் திரும்பி ஹெட்செட்டை மாட்டினேன். தலைமை இன்ஜினியருக்குத் தொண்டை கட்டியிருந்தது. சுருக்கமாகச் சொன்னார். பாஸ்போர்ட் நகல் அனுப்பு. அடுத்த ஆண்டு முதல் பந்தயத்துக்கு நீ காருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சரி என்றேன்.

கூடத்தில் இன்னும் பழைய செய்திக்கே சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதையும் நான் தெரிந்துகொண்டேன், அவர்களுக்குத் தெரியாது. இது டிவியில் தானாக வராது, நான்தான் சொல்ல வேண்டும். போய்ச் சொன்னேன். ஆண்டில் பாதி நாள் வெளியூர் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்துவிட்டுக் கேட்டார்.

"அங்கன எலுமிச்சம்பழம் கிடைக்குமா?"

"கிடைக்கும்மா."

"இல்லாட்டி பெட்டியில வச்சு விடுறேன். அஞ்சு பத்தாது, எத்தன பந்தயம்னு சொல்லு."

"அங்க எதுக்கு அஞ்சு?" என்றார் அப்பா. "அங்க நெசமான வண்டி. நாலு போதும்."