மீன் ரத்தம் என்று நினைத்தாள்

மீன் வெட்டும் கூடத்தில் அவள் மேற்பார்வைக்காரி. ஆனால் பதவியைவிட வாய்தான் பெரிது. தம்பி பெண்டாட்டியைத் தானே வேலைக்குச் சேர்த்துவிட்டு, சொந்தக்காரிக்குச் சலுகை என்று யாரும் பல்லில் போட்டு மெல்லக் கூடாதென்று, மற்றவர்களைவிட அவளைத்தான் அதிகம் விரட்டினாள்.

அந்தப் பெண் சில மாதங்களாக வெளுத்துக்கொண்டே வந்தாள். கூடையைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. ஐஸ் அறைப்பக்கம் போனால் ஒரு கட்டியை வாயில் போட்டு நறநறவென்று கடிக்காமல் திரும்புவதில்லை.

"எங்க ஐஸ்காரி இருக்கிறவரைக்கும் மீனெல்லாம் நாறித்தான் போகும்" என்றாள் மேற்பார்வைக்காரி. கூடமே சிரித்தது. பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் அந்தப் பெண்ணின் ரப்பர் பூட்ஸ் மேல் சிவப்பாக வழிந்தது. ரத்தத்திலேயே நின்று செய்கிற வேலையில் அதை யார் கண்டார்கள்? மேற்பார்வைக்காரி குழாயைத் திருப்பி அவள் காலில் பீய்ச்சினாள்.

"மீன் ரத்தத்தை மேலெல்லாம் பூசிக்கிட்டு நிக்கிறியே. கழுவிட்டு வேலையைப் பாரு."

கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. அது மீனுடையதல்ல என்று புரிவதற்குள் அந்தப் பெண் மேசையடியில் சரிந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை.

"மாசாமாசம் அளவுக்கு மீறிப் போயிருக்கு. ரத்தத்துல இருக்க வேண்டிய சத்து பாதிகூட இல்லை. இன்னும் விட்டிருந்தா இதயம் தாங்கியிருக்காது. கர்ப்பப்பையில கட்டி எதுவும் இருக்கான்னு ஸ்கேன் எடுக்கணும்." பிறகு கேட்டார்: "ஐஸ், பச்சரிசின்னு எதையாவது தின்னுக்கிட்டே இருந்தாங்களா? இரும்புச்சத்து குறைஞ்சா சிலருக்கு அப்படி ஆசை வரும்."

மேற்பார்வைக்காரிக்குத் தன் வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. தம்பிக்கு என்ன முகத்தோடு பதில் சொல்வாள்? பெற்ற மகளாக இருந்தால் இப்படி விட்டிருப்பாளா?

ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது தம்பி பெண்டாட்டி கண் திறந்தாள். கை சில்லென்று இருந்தது. மேற்பார்வைக்காரி அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு கஷ்டப்படுறவ, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"சொன்னேனே அண்ணி. போன மாசம், துணி மாத்துற ரூம்ல வெச்சு. எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான், உனக்கு மட்டும் என்ன அதிசயமான்னு கேட்டீங்க."

குரலில் குறையே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

மேற்பார்வைக்காரி யோசித்து யோசித்துப் பார்த்தாள். தான் அப்படிக் கேட்டதே அவளுக்கு ஞாபகமில்லை.