உத்திரத்தைப் பார்த்த டில்லி மெம்பர்

எங்கள் மலையில் ஓட்டுப் போடுவது என்றால் ஒரு படத்துக்குப் போடுவது. அந்தப் படத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், அவர் ஜெயித்து டில்லிக்குப் போயிருக்கிறார், அங்கே சர்க்காருக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார் என்பதெல்லாம் வாணியம்பாடி பாய் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்த ஆள் மலையேறி எங்கள் வீட்டுக்கே வரப்போகிறார் என்று பாய் சொன்னபோது, அம்மா சாமை புடைப்பதை நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

பாய் வாணியம்பாடித் தோல் மண்டிகளுக்குக் கடுக்காய் வாங்கி அனுப்புகிறவர். ஒடுகத்தூரில் அவருக்கு ஒரு கடை இருந்தது. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். எங்கள் மலையிலோ அது மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். ஆனால் காடு சர்க்காருடையது. கடுக்காய் எடுக்கும் உரிமையை ஒரு குத்தகைக்காரர் ஏலத்தில் பிடித்திருந்தார். நாங்கள் பொறுக்கலாம், அவரிடம்தான் போட வேண்டும், அவர் வாயிலிருந்து வருவதுதான் விலை. அந்த வருஷம் அப்பா அவருக்குத் தெரியாமல் ஒரு மூட்டையைப் பாயிடம் போடுவதற்காகத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அடிவாரத்தில் பாரஸ்டு கார்டு பிடித்துக்கொண்டார். மூட்டை போயிற்று. காட்டுச் சரக்கைத் திருடியதாக அப்பாமேல் கேசும் ஆயிற்று. ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்று கீழே போய் வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

தன் கடைக்கு வரவிருந்த மூட்டையால்தானே இந்த வம்பு என்று பாய்க்கு மனசு கேட்கவில்லை. அந்த டில்லி மெம்பரைத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார். அவரும், சம்பந்தப்பட்டவர் வாயாலேயே கேட்டுக்கொண்டு டில்லியில் பேசுகிறேன், மலைசாதி ஜனங்களின் விஷயம் அங்கே வரத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் ஊரில் நல்ல காரியம் தானாக நடந்து வந்தால் அதை முதலில் சந்தேகப்படுவோம்.

சந்தேகப்படுவதில் என் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. அம்மாவின் அண்ணன். புதிதாக ஒரு நாய் ஊருக்குள் வந்தால்கூட யார் அனுப்பியது என்று விசாரிப்பவர். மெம்பர் டில்லியில் என்னதான் பேசுவார் என்று அவர் பாயைக் குடைந்து குடைந்து கேட்டார். வடக்கே எல்லையில் சண்டை மூண்டு ஓய்ந்திருந்த சமயம் அது. எல்லையை ஏன் காக்கவில்லை என்று கேட்டாராம். கப்பலில் வரும் வெளிநாட்டு கோதுமையை நம்பி எத்தனை நாள் இருப்பது என்று கேட்டாராம். நம்ம தோல் சீமைக்குப் போகிறதே, அதன் லாபம் யாருக்குப் போகிறது என்றும் கேட்டாராம். பாய் பெருமையாகச் சொல்லச் சொல்ல மாமாவின் முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

அவருடைய கணக்கு இப்படி ஓடியது. சர்க்கார் ரயிலில் ஏறிப் போய், சர்க்கார் வீட்டில் தங்கி, சர்க்காரையே ஒருவன் திட்டுகிறான். சர்க்காரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. உலகத்தில் எங்காவது இப்படி நடக்குமா? ஆகவே இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் ஏதோ இருக்கிறது. தவிர, சீமைச் சங்கதி பேசுகிறவனுக்கு நம்ம கடுக்காய் எதற்கு?

"வர்றவன் மெம்பருதானான்னு எப்டி தெரியும்? பாரஸ்டுகாரன் வேஷம் கட்டிக்கினு வந்தா இன்னா பண்ணுவ?" என்று அப்பாவைக் கேட்டார். மாமாவிடம் அதற்கும் ஒரு வழி இருந்தது. மலையில் பாதிப் பேருக்கு அது தெரியும். வீட்டுக்குள் நுழைகிற அந்நியன் கண் முதலில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பெண் கேட்டு வந்தவன் மாட்டுக் கொட்டகையைப் பார்ப்பான். வியாபாரி மூலையில் இருக்கும் மூட்டையைப் பார்ப்பான். பாரஸ்டுகாரன் மட்டும், எந்தச் சட்டை போட்டு வந்தாலும், அண்ணாந்து உத்திரத்தைப் பார்ப்பான். எது பர்மிட் மரம், எது திருட்டு மரம் என்று தேடுகிற கண் அது. அவனாலேயே அதை அடக்க முடியாது. எங்கள் வீட்டு உத்திரம் நல்ல வேங்கை மரம். அது எப்படி வந்தது என்று நாங்கள் யாரும் யாரையும் கேட்டதில்லை.

மெம்பர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், மேல்மூச்சு வாங்கியது, செருப்பைக் கையில் பிடித்திருந்தார். அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆள் பனைமரத்தில் பாதி. எங்கள் வீட்டு வாசலோ குனிந்து நுழைகிற வாசல். அவர் குனிந்தார், போதுமான அளவுக்குக் குனியவில்லை. மடேர் என்று நெற்றியில் இடித்தது. உள்ளே வந்து நிமிர்ந்தவர், நெற்றியைத் தடவிக்கொண்டே மேலே உத்திரத்தைப் பார்த்தார்.

மாமா அப்பாவைப் பார்த்தார். வாசலில் கூடியிருந்த ஊரே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இடித்துக்கொண்டவன் எங்கே இடித்தது என்று மேலே பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மெம்பர் கோரைப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா கொடுத்த தேனைக் கையில் வாங்கி நக்கிக்கொண்டே, மெதுவாகப் பேச ஆரம்பித்தார். கடுக்காய்க்கு என்ன கொடுக்கிறார்கள், கார்டு அடிப்பதுண்டா, ஆடு மேய்க்க விடுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேள்வி ஒவ்வொன்றும் கண்ணி என்று எங்களுக்குப் புரிந்துபோயிற்று. குத்தகைக்காரர் தங்கமான மனிதர் என்றார் ஒருவர். ஆடே இல்லை என்றார் ஆடு வைத்திருந்த ஒருவர். அந்த நேரம் பார்த்து ஆடு கத்தியது, யாரும் சிரிக்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று என்னைக் கேட்டார். நெல்லுச்சோறு என்றேன். அடுப்பில் காட்டுக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அவர் அடுப்பைப் பார்த்துவிட்டு என் தலையைத் தடவினார்.

பாய் தவித்துப்போனார். "கவுண்டரே, உங்க கேஸ சொல்லுங்க. அதுக்குத்தான் இம்மாந்தூரம் வந்துகிறாரு" என்று அப்பாவின் கையைப் பிடித்தார்.

"கேசா? எனக்கு இன்னா கேசு? கார்டு ஐயா எங்கள பெத்த புள்ளையாட்டம் பாத்துக்கறாரு சாமி. ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் அப்பா.

மெம்பர் எழுந்து கும்பிட்டார். போகும்போது நன்றாகக் குனிந்தே போனார். அவர் தலை மறைந்ததும் ஊரில் ஒரு திருவிழாக் களை வந்துவிட்டது. மாமாவைத் தூக்காத குறை. பாய் மட்டும் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். பாவம், வேஷக்காரனைக் கூட்டிவந்து மாட்டிக்கொண்டார் என்று நான் நினைத்தேன்.

வெகுநாள் கழித்துப் பாய் மறுபடி வந்தார். கோபம் ஆறியிருந்தது. டில்லியில் மெம்பர் முதலில் எல்லைச் சங்கதி பேசினாராம், சபையே கேட்டதாம். பிறகு ஜவ்வாது மலைக் கடுக்காய் என்று ஆரம்பித்தாராம். மந்திரி எழுந்து, மலைக்காரர் யாராவது உங்களிடம் குறை சொன்னார்களா என்று கேட்டாராம்.

"ஒருத்தர்கூட சொல்லலன்னாரு மெம்பரு. ஊரே ஒரே மாதிரி கொறையில்லன்னு சொல்லுது, அடுப்புல கெழங்கு வேவுது. யாருக்குப் பயந்துக்கினு அப்டி சொல்றாங்கன்னு கேக்கத்தான் எழுந்தேன்னாராம். கொஞ்ச பேரு சிரிச்சாங்களாம். உக்காந்துட்டாராம்."

மாமா துள்ளி எழுந்தார். பார்த்தாயா, நாம் சொன்னது பொய் என்று டில்லி வரைக்கும் போய்க் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று கத்தினார். எனக்கும் உடம்பெல்லாம் எரிந்தது. நெல்லுச்சோறு என்று அவ்வளவு சாமர்த்தியமாகச் சொல்லியிருந்தேனே. அப்பா மட்டும் பாயிடம், அவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பாய் சொன்னார்.

கேசு வேலூரில் நடந்தது. மூட்டை என்னுடையது இல்லை என்று மட்டும் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பாய் வைத்த வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். கூடப் போன மாமா, தலையில் அடித்துக்கொண்டே திரும்பி வந்தார். அப்பா கூண்டில் ஏறி, மூட்டை என்னுடையதுதான், நானும் என் சம்சாரமும் பிள்ளையும் பொறுக்கியது, குத்தகைக்காரர் கொடுப்பது உப்புக்குக்கூடக் காணாது, சொன்னால் கார்டு தோலை உரித்துவிடுவார் என்று ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று கடகடவென்று சொல்லிவிட்டாராம். மாஜிஸ்திரேட் பொறுமையாகக் கேட்டாராம். கேட்டுவிட்டு ஜெயிலுக்கு அனுப்பினாராம்.

ஜெயிலிலிருந்து மொட்டைத் தலையோடு அப்பா திரும்பி வந்தபோது, ஒரு பொய் சொல்லியிருந்தால் வீட்டில் இருந்திருப்பாயே என்று மாமா சண்டை போட்டார்.

"நம்ம சொல்லாததயே அந்தாளு அங்க எழுந்து சொல்லிட்டாரு. நான் சொல்றதுக்கு இன்னா?" என்றார் அப்பா.

மாமாவுக்கு அது புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. நன்றாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்த அப்பாவை அந்த நெட்டை மனிதர்தான் கெடுத்துவிட்டார் என்று எனக்கு அவர்மேல் தீராத ஆத்திரம்.

இரண்டு மழை கழித்து, மெம்பர் இறந்துவிட்டார் என்று பாய் சொல்லியனுப்பினார். நல்ல உச்சி வேளை. அப்பா ஏர் பிடித்துக்கொண்டிருந்தவர் மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடைக்குப் போய், கட்டிய துணியோடு தலைமுழுகிவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட வந்தார். எங்களில் பங்காளி செத்தால்தான் அப்படி முழுகுவது. வெயில் தாங்காமல் குளித்திருக்கிறார் என்று எண்ணி, நான் ஓடிப்போய்த் தலை துவட்டத் துண்டு எடுத்துக்கொடுத்தேன்.