வெடி எண்ணுகிறவர்

இங்கே எனக்குப் பொழுது வாசனையில்தான் விடிகிறது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவர்கள் என் கறிக்கடையைத் தாண்டி நடக்கையில், அவர்கள் தலைமயிரிலிருந்தும் ஈரத் துணியிலிருந்தும் ஒரு நெடி இறங்கும். பாறை பிளக்கிற வெடிக்கு இந்தப் பக்கம் மருந்து என்று பேர். அந்த மருந்தின் புகை அது. இனிப்பாய் வந்து கசப்பாய் நிற்கும். மண்டையைப் பிடித்துக் குலுக்கும். வந்த புதிதில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டபோது, "இன்னா பாய், கல்யாணப் பொண்ணாட்டம் மூடிக்கினு? நாலு நாள்ல இது இல்லாட்டி தூக்கம் வராது, பாரு" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னது பலித்தது. இப்போது அந்த நெடி வந்தால்தான் எங்கள் ஊர்ப் பேரணாம்பட்டின் நாற்றம் எனக்கு ஞாபகம் வருகிறது. ஊரில் இருப்பவர்களே, தோல் பதனிடுகிற ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியையும் ஊறிய ஆவாரம்பட்டையையும் நீங்கள் நாற்றம் என்பீர்கள். நான் இங்கே உரிக்கிற ஆட்டுத் தோல்கள் உப்புத் தடவி மூட்டையாகி, மாரிகுப்பத்தில் ரயிலேறி உங்களிடம் வந்துவிடுகின்றன. தோல் ஊர் திரும்புகிறது. அறுத்தவன் இங்கேயே நிற்கிறேன்.

மழை பொய்த்த வருஷத்தில் முதலில் வந்தவன் என் தம்பி உசேன். அவன் பின்னால் வந்தவன் நான். இது மைசூர் மகாராஜா சீமை. இங்கே தங்கம் வெட்டுவது வெள்ளைக்காரக் கம்பெனி. சந்தையில் கன்னடம், தண்ணீர்க் குழாயடியில் தெலுங்கு, ஷாஃப்டு என்கிற சுரங்கக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் நம் ஆற்காட்டுத் தமிழ். ஊரில் ஒருவனைப் பார்த்தால் யார் மகன், யார் பேரன், எந்தத் தெரு என்று கேட்போம். இங்கே ஒரே கேள்விதான்: "எந்த ஷிஃப்ட்?" சாதி கேட்காமல் ஷிஃப்ட் கேட்கிற ஊர் என்று உசேன் இதைக் கொண்டாடினான். மூங்கில் தட்டி வீட்டில் படுத்துக்கொண்டு, "அண்ணே, இந்த ஊர்ல எல்லாரும் எதுக்கோ தப்பிச்சு ஓடியாந்தவங்கதான்" என்பான். பக்கத்துத் தட்டிக்குப் பின்னாலிருந்து சாமுவேல் குரல் கொடுப்பார்: "உங்கண்ணன் கறிக்கடை கடனுக்குத் தப்பிச்சாரு, நான் பண்ணையாருக்குத் தப்பிச்சேன். நீ எவளுக்குடா தப்பிச்ச?" தட்டியின் இரண்டு பக்கமும் சிரிப்பு எழும்.

சாமுவேல் ஆம்பூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். என் வயதுக்காரர். சுரங்கத்தில் அவர் வேலையைச் சொன்னால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஷிஃப்ட் முடிகிற நேரம் பாறையில் துளைத்த குழிகளிலெல்லாம் மருந்தை அடைத்துத் திரியில் நெருப்பு வைத்துவிட்டு, ஆட்கள் வளைவுக்கு அப்பால் ஓடி ஒதுங்குவார்கள். அங்கே ஒருவர் கண்ணை மூடி நின்று, கேட்கிற வெடிகளை விரல் மடக்கி எண்ணுவார். அடைத்த குழி எத்தனையோ அத்தனை வெடி கேட்டாக வேண்டும். ஒன்று குறைந்தால் பாறைக்குள் ஒரு குழி வெடிக்காமல் காத்திருக்கிறது என்று பொருள். அடுத்த ஷிஃப்டுக்காரர்களிடம் அதைச் சொல்லி அனுப்ப வேண்டும். லெவல் என்பது சுரங்கத்தின் ஒவ்வொரு ஆழத்துத் தளம்; அந்த லெவலில் சாமுவேலின் காதை நம்பித்தான் எல்லாரும் கடப்பாரையைத் தூக்கினார்கள்.

ஒரு நாள் அவர் குழிகளில் ஒன்று வெடிக்கவில்லை. ஆனால் அதே நேரம் கீழ் லெவலில் வேறு கூட்டத்தார் வைத்த வெடி ஒன்று போயிற்று. பாறை அந்தச் சத்தத்தை மேலே தூக்கிக் கொடுத்தது. சாமுவேலின் விரல் மடங்கியது. கணக்கு சரியாக நின்றது. "எல்லாம் போச்சு, போங்க" என்றார். அடுத்த ஷிஃப்டில் உள்ளே போன உசேன் துளைக்கம்பியை வைத்த இடம், வெடிக்காத அந்தக் குழி.

என் தம்பியைத் துணியில் கட்டி, ஆள் ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதற்குமேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

விசாரித்த வெள்ளைக்காரக் கேப்டன் நல்ல மனிதர், ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போகிறவர். விபத்து என்று ஒரே சொல்லில் முடித்தார். நான் பேச்சை மாற்றிச் சொல்கிற துபாஷியிடம், "இந்தச் சாவு யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள்" என்றேன். ஊரில் என்றால் ஜமாத்து உட்கார்ந்து முதலில் அதைத்தானே கேட்கும்? துபாஷி என்னத்தைச் சொன்னாரோ, கேப்டன் என்னை ஏற இறங்கப் பார்த்து, இரக்கத்தோடு தலையசைத்துப் பதில் சொன்னார். துபாஷி திரும்பினார்: "தம்பி பேர்ல இருந்த வேலை உனக்குத்தானாம். நாளைக்கே வந்து சேந்துக்கலாமாம்." நான் சலாம் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வேறென்ன செய்வது?

தம்பிக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிக் கழிந்த பிறகு சாமுவேல் கடைக்கு வந்தார். நான் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டின் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது, ஒன்றின் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். மனிதன் எதிரே தீட்டலாமா என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் நிறுத்தவில்லை.

"பாய், விபத்துன்னுட்டாங்க. விபத்து இல்ல. நான்தான் எண்ணுனேன். நான்தான் கொன்னேன்."

"உங்க கோயில்ல போய் சொல்லுங்க."

"சொன்னேன் பாய். மன்னிச்சாச்சுன்றாரு உபதேசியாரு. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள மன்னிச்சாச்சு. ஒண்ணுமே கேக்காம அது எப்பிடி பாய்?" "கொலை செய்யாதேன்னு கல்லுல எழுதிக் குடுத்தாரு மோசேக்கு. மரம் வெட்டறவன் கோடாலி காம்புலேர்ந்து கழண்டு பக்கத்தாளு மேல பட்டுட்டா, அவன் ஓடிப்போறதுக்கு அடைக்கலப் பட்டணம்னு தனியா ஊரே ஒதுக்கச் சொன்னாரு யூதருக்கு. நான் எங்க ஓடறது? ஏற்கெனவே ஓடியாந்த ஊரு இது. உங்க வேதத்துல எனக்கு இன்னா எழுதிக்கீது? அதைச் சொல்லு."

சொன்னேன். ஊரில் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டதை அப்படியே, கோபத்தோடு சொன்னேன். வேண்டுமென்று கொன்றவன் கதை வேறு. அங்கே உயிருக்கு உயிர் என்று, மோசேக்கு இறங்கிய தவ்ராத்தில் விதித்ததை எங்கள் வேதமும் எடுத்துச் சொல்லி, மன்னித்துவிடுகிறவனுக்கு அதுவே பரிகாரம் என்கிறது. தவறிக் கொன்றவன் ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும். செத்தவனின் வாரிசுக்கு ஈடு தர வேண்டும். அவர்கள் தாமாக விட்டுக்கொடுத்தால் ஈடு வேண்டியதில்லை. அடிமைக்கு வழியில்லாதவன் இடைவிடாமல் இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும்.

"அடிமையா?" சாமுவேல் சிரித்தது போலிருந்தது. "நாமளே அடிமையா கீறோம் பாய். யாரை உட்றது?" பிறகு கேட்டார்: "நோம்புன்னா, எச்சில் கூட முழுங்கக் கூடாது, இல்ல?"

அந்தக் கேள்வியை நான் அப்போது கவனிக்கவில்லை.

புலம்பெயர்ந்தவர்களே, உங்களுக்குத் தெரியும், வந்த ஊரில் அடுத்தவர் பண்டிகையில் சாப்பிடுவோம், அடுத்தவர் சாவில் அழுவோம். அடுத்தவர் வேதத்தின் தண்டனையை ஒருவன் தன்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டதை நான் இந்த ஊரில்தான் கண்டேன். எண்ணும் வேலையை விட்டுவிட்டு, கல் வண்டி தள்ளுகிற வேலைக்கு மாறிக்கொண்டார் சாமுவேல். பாறை காய்ச்சலடிக்கிற மாதிரி சுடுகிற லெவலில், கோவணத்தோடு, நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தள்ளினார். விடியுமுன் சாப்பிட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. மயங்கி விழுவார். கூட இருப்பவர்கள் வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். கண் விழித்ததும், "கெட்டுப்போச்சே" என்று முகத்தில் அறைந்துகொண்டு, அடுத்த நாள் முதலிலிருந்து தொடங்குவார். இடைவிடாமல் என்று நான்தானே சொன்னேன்? அந்த நோன்பு முன்னே போகவே இல்லை. செக்கில் கட்டின மாடு மாதிரி முதல் நாளையே சுற்றிச் சுற்றி வந்தது.

கூட வேலை செய்கிறவர்கள் என்னிடம் ஓடிவந்தார்கள். "பாய், அந்த ஆளு செத்துருவாரு. நீ ஒரு வார்த்தை சொல்லு." போய்ச் சொன்னேன். உங்களுக்கு அந்த நோன்பு கடமையில்லை, முடியாதவனை அல்லாஹ் வருத்துவதில்லை, குடியுங்கள் என்றேன். வெடித்த உதட்டோடு என்னைப் பார்த்தார்.

"நீ உட்டுட்டியா பாய்? உன் மனசுலேர்ந்து?"

"என் பங்கை விட்டேன்" என்றேன். வாய் சொன்னது. அவர் என் முகத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் கும்பிடுகிற ஈசா நபி இப்படிச் சொல்லியிருக்கிறாராம்: கொலை செய்யாதே என்று முன்னோருக்குச் சொல்லப்பட்டது. நான் சொல்கிறேன், சகோதரன்மேல் கோபம் கொள்கிறவனும் அதே தீர்ப்புக்கு ஆளானவன் என்று. இதை உபதேசியார் என் கடையில் கறி வாங்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு உறக்கம் கெட்டது. கத்தி தீட்டுகிற ஒவ்வொரு காலையும் நான் சாமுவேலின் கழுத்தை நினைத்திருக்கிறேன். அவர் என் வேதத்தின்படி தண்டனை அனுபவிக்கிறார். அவர் வேதத்தின்படி நான் கொலைகாரன். ஆதமின் மகன் தம்பியைக் கொன்றுவிட்டுப் பிணத்தை என்ன செய்வதென்று விழித்தபோது, ஒரு காகம் வந்து மண்ணைக் கிளறிக் காட்டிற்று என்கிறது குர்ஆன். பூமியை மனிதன் தோண்டக் கற்றது தங்கத்துக்காக அல்ல போலிருக்கிறது. அந்தக் காகத்தைச் சொன்ன கையோடுதான் குர்ஆன் இஸ்ரவேலருக்கு விதித்ததைச் சொல்கிறது: ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனிதரையெல்லாம் கொன்றவன் போல, ஓர் உயிரை வாழவைத்தவன் மனிதரையெல்லாம் வாழவைத்தவன் போல. முதல் பாதியை நான் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். இரண்டாம் பாதி கண்ணெதிரே வண்டி தள்ளிக்கொண்டு போயிற்று. என்னால் கையை நீட்ட முடியவில்லை.

விட்டுக்கொடுக்க இனி மிச்சமிருந்தது ஹலீமாவின் பங்கு. உசேனின் மனைவி. பிள்ளையில்லை. கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில், அன்னிய ஆண் முகம் பாராமல், தட்டிக்குள் இருந்தாள். சாமுவேல் தினம் வேலைக்குப் போகுமுன் அந்தத் தட்டிக்கு வெளியே சற்று நிற்பார். அவள் இருமினால் அவருக்குக் கேட்கும். அவர் மூச்சு வாங்கினால் அவளுக்குக் கேட்கும். ஒரு காலத்தில் சிரிப்பு ஊடுருவிப் போன அதே மூங்கில். அவள் எதுவும் சொன்னதில்லை. நான் ஒருமுறை, "அவர் செத்துப்போவார் போலிருக்கு, நீ ஏதாவது சொல்லணும்" என்றேன். "இன்னா சொல்லணும் மாமா? நீங்க சொன்னீங்களே, அவரு பொழைச்சாரா?" என்றாள்.

இத்தா முடிந்ததும் அவள் பேரணாம்பட்டுக்கே திரும்புவதென்று ஆயிற்று. மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு வெள்ளைத் துப்பட்டியால் போர்த்திக்கொண்டு என் பின்னால் நடந்தாள். உச்சிப் பொழுது. பாலகாட் சுரங்கத்துப் பக்கமிருந்து அரைத்த கல்லின் தூசியைக் காற்று வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ரயிலின் கடைசியில் சரக்குப் பெட்டியில் என் தோல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளும் என் தோல்களும் ஒரே வண்டியில் ஊருக்கு. அவள் கணவன், என் தம்பி, இந்த மண்ணில், கபரஸ்தானில். நான் இரண்டுக்கும் நடுவே, பிளாட்பாரத்துச் சரளைக் கல்லில். ஏறவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

அப்போது சாமுவேல் வந்தார். நடந்தார் என்று சொல்ல முடியாது. வேலிக்கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தார். பெட்டிக்குத் தள்ளி நின்று கைகூப்பினார். உதடு அசைந்தது. "தங்கச்சி" என்றதற்குமேல் குரல் எழவில்லை.

துப்பட்டிக்குள்ளிருந்து அவள் பேசினாள். அவளை இத்தனை நாளாக யாரும் அவ்வளவு தெளிவாகப் பேசிக் கேட்டதில்லை.

"சாமுவேல் அண்ணா, தண்ணி குடிச்சீங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

வழிக்கென்று வைத்திருந்த கூஜாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். "மாமா, குடுங்க." நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கத் தயங்கினார். "குடிங்கண்ணா" என்றாள் அவள். அவர் அண்ணாந்தார். தண்ணீர் கழுத்தில் வழிந்து மார்புத் தூசியில் கோடு போட்டது. அவர் அழுத சத்தம் கூஜாவுக்குள் கேட்டது.

"மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றாள் ஹலீமா. "ரயில் ஏறும்போது பொய் சொல்ல மாட்டேன்."

"வாணாம் தங்கச்சி. சொல்ல வாணாம்."

என்ஜின் கூவியது. பெட்டி ஒருமுறை பின்னுக்கு இழுத்து நின்றது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"இப்ப அந்த லெவல்ல யாரு எண்ணுறாங்க?"

சாமுவேல் கண்ணைத் துடைத்தார். "புது ஆளு ஒருத்தன். காது கொஞ்சம் மந்தம்."

வண்டி நகரத் தொடங்கியது. அவள் குரல் நகரும் பெட்டியிலிருந்து வந்தது.

"அங்க எறங்கறவங்களுக்கும் ஊட்ல பொண்டாட்டி இக்குறா. இன்னைக்கே போங்க. நீங்களே எண்ணுங்கண்ணா."