பதினான்காவது கல்லுக்குப் பின்னால் கேட்ட சத்தம்

அழகர்கோவில் சாலையில் சைக்கிளில் போக நினைக்கிறவர்கள் அவ்வப்போது வழி கேட்டு எழுதுகிறீர்கள். வழி சொல்கிறேன். ஆனால் அந்தச் சாலையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 1983 ஆனி மாதத்துப் பயணத்தைத்தான் எழுத வேண்டும். இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குப் பயம்தான் காரணம்.

என் நண்பன் துளசிராம் செல்லூர்க்காரன். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டிலேயே தறி. தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய பந்தய சைக்கிள் வாங்கியிருந்தான். பின்சக்கரத்தில் ஐந்து பல்சக்கரம், செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ள டெரெய்லர் என்று ஒரு கை. நான் என் வண்டியில் கூடவே போவேன். கோபம் வந்தால் பேசமாட்டான், கியரை மாற்றி எனக்கு முன்னால் பறந்துவிடுவான். நல்ல மனநிலையில் இருந்தால் பின்னாலேயே சாவகாசமாக வருவான்.

முந்தைய வருடம் அந்தச் சாலையில் தனியாகப் போனவன், பதினான்காவது கிலோமீட்டர் கல்லை ஒட்டிய சின்னப் பாலத்தின் ஏற்றத்தில் தூக்கியெறியப்பட்டு, கீழே பாறையில் விழுந்து இறந்துபோனான். உச்சி வெயில், பார்த்தவர் யாருமில்லை. டெரெய்லர் சக்கரத்துக் கம்பிகளுக்குள் முறுக்கிக் கிடந்தது. முனி அடித்துவிட்டது என்றார்கள் அந்தப் பக்கத்து ஜனங்கள். முனி, பேய் என்றாலே எரிந்து விழுகிற நான் அன்று வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து அவன் அம்மா ருக்மணியம்மாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். விழுந்த வண்டியைச் சரிசெய்து, அதே வழியில் அதே வேளையில் ஓட்டி, அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமாம். அதுவரை வண்டி வீட்டுக்குள் வரக்கூடாதாம்.

"நீயே ஓட்டு சேகரு. அப்புறம் அது ஒனக்குத்தேன்" என்றார்.

கோரிப்பாளையத்தில் காதர் பாய் பட்டறை. பழைய சாமான் கடையில் பொருத்தமான டெரெய்லர் ஒன்றை அவரே தேடிப் பிடித்தார், அறுபத்தைந்து ரூபாய். வயர் நாலு ரூபாய், கூலி பத்து. உடைந்ததைக் கழற்றியவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இது தானா ஒடையல. செயின் பெரிய பல்லத் தாண்டாம நிறுத்துறது இந்த ஸ்க்ரூதேன். மூணு சுத்து தெறந்து விட்டுருக்கான் எவனோ. தலையில கீறலப் பாரு, தையல் மெஷின் ஸ்க்ரூடிரைவர் மாதிரி இருக்கு."

எங்கள் வீட்டுத் தையல் மெஷின்தான். மலைப்பாதையில் பெரிய பல்லில் செயின் ஏறவில்லை என்று துளசி சொன்னபோது, எல்லாம் தெரிந்தவன் போல, அவன் கடைசியாகப் போனதற்கு முதல் நாள் சாயங்காலம் திருகிவிட்டவன் நான்தான். ஒரு வருடமாக முனியின் மேல் பழியைப் போட்டு ஒளிந்துகொண்டிருந்தேன். பாய் என் முகத்தைப் பார்த்தார். செயினைப் பெரிய பல்லில் நிறுத்தி, ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாக முடுக்கி, கம்பிப் பக்கம் கையால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

மறுநாள் காலை 10.50க்குக் கிளம்பினேன். பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் பாலம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் வயல், ஆடுமாடு கூட இல்லை. என் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. பழத்தை வைத்தேன், கும்பிட்டேன், திரும்பினேன்.

கல்லைத் தாண்டியதும் பின்னால் கிட்கிட்டென்று ஒரு சத்தம். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், மிதிக்காமல் உருளவிட்டால்தான் பின்சக்கரம் அப்படிச் சத்தம் போடும். நான் மிதித்துக்கொண்டிருந்தேன். மிதிப்பதை நிறுத்தினேன், என் சக்கரம் கிட்கிட்டென்றது, பின்னால் அமைதி. மறுபடி மிதித்தேன், பின்னால் ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். சாலை காலி. செல்லூர்ச் சந்து வரை அது என்னை விடவில்லை.

வாசலில் ருக்மணியம்மாள் இரண்டு டம்ளர் மோரோடு நின்றார்.

"ஒங்கூட வந்தது யாருப்பா? ரெண்டு சைக்கிள் சத்தம் கேட்டுச்சே."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஸ்க்ரூவைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கோவம்னா முன்னாடில்ல போவான்?"

ஒரு டம்ளரை என் கையில் கொடுத்தார். இன்னொன்றை வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோரிப்பாளையத்திலிருந்து கோவில் இருபது கிலோமீட்டர் சொச்சம். நடுவில் நிழல் குறைவு, காலை ஆறுக்கே கிளம்புங்கள், தண்ணீர் நிறைய வேண்டும். டெரெய்லர் மாற்றினால் கடைசிப் பல்லில் செயினை நிறுத்தி, கம்பிப் பக்கம் கையால் அழுத்திப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். தெரியாத ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், அடுத்தவன் வண்டியில் தொடவே தொடாதீர்கள்.

அந்தச் சைக்கிள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை போகிறேன். திரும்பும்போது பாலம் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்கிக்கொள்வேன், கோபம் இருந்தால் முன்னால் போகட்டும் என்று. இதுவரை போகவில்லை.