கண்ணாடிக்கு வெளியே சோப்பு

எங்க ஐசியூவில கூட வேலை பார்த்த நர்ஸ் ஒருத்திக்கு நாங்க வச்ச பேரு சோப்பு. தொற்று பரவின அந்த வருஷம், கவச உடை போட்டு யார் வந்தாலும் கதவுல நின்னு மேலும் கீழும் பார்ப்பா. பெரிய டாக்டரையே, "மாஸ்க் சரியா ஒட்டல சார், ஊதிப் பாருங்க, ஓரமா காத்து வருது"ன்னு திருப்பி அனுப்பினவ. அவர் முறைச்சார். இவ அசைஞ்சாத்தானே? விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு எரியும், அப்பவும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவா. "தோலை உரிச்சு வச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவியாடி?"ன்னு கேட்பேன்.

அப்படிப்பட்டவ வீட்டுக்காரருக்கே வந்துடுச்சு. எங்க வார்டுலதான் சேர்த்தோம். முகமூடி வழியா ஆக்சிஜன், ஆனா நல்ல நினைவு. கண்ணாடிச் சுவர் வழியா எங்களைப் பார்த்துட்டே படுத்திருப்பார். "நான்தான் கொண்டு போய்க் கொடுத்தேனோ? எதுல கோட்டை விட்டேன்னே தெரியலையே"ன்னு சோப்பு புலம்பாத நாளே இல்ல.

ஒருநாள் சாயங்காலம், டியூட்டி மாறுற நேரம். உள்ள இருந்த நர்ஸுங்க ரெண்டு பேரும் கடைசிக் கட்டில்ல ஒருத்தருக்கு நெஞ்சை அமுக்கிட்டிருந்தாங்க. நானும் சோப்பும் உடை மாத்துற இடத்துல. திடீர்னு அலாரம். பார்த்தா, இவ வீட்டுக்காரர் முகமூடி கழண்டு தொங்குது. மனுஷன் கையால காத்தைத் துழாவுறார். கதவைத் தள்ளப் போனேன். சோப்பு என் தோளைப் பிடிச்சு இழுத்தா.

"டிரெஸ் இல்லாம உள்ள போகாத."

"அடிப்பாவி, உன் புருஷன்டி அது!"

"தெரியும். கவுனை எடு."

குழாயைத் திறந்து, நுரை வர கையைத் தேய்ச்சா. கவுன் போட்டா. பின்னாடி நின்னு நான் நாடாவைக் கட்டிவிட்டேன். மாஸ்க்கை மாட்டி ஊதினா, ஓரமா காத்து வந்துச்சு. கழட்டித் திரும்ப மாட்டினா. பளார்னு ஒண்ணு விடணும் போல இருந்துச்சு எனக்கு. அப்பதான் பார்த்தேன், அவ கால் ரெண்டும் தடதடன்னு ஆடுது. கிளவுஸை இழுத்து மாட்டிட்டு உள்ள ஓடினா.

பிழைச்சுட்டார். இவளுக்கும் ஒண்ணும் ஒட்டல.

அவர் வீடு திரும்பின பிறகு பார்க்கப் போனேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்: "எனக்கு மூச்சு முட்டுது, இந்தம்மா நிதானமா சோப்பு போட்டுட்டு நிக்குறா. எல்லாத்தையும் கண்ணாடி வழியா பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "நிதானமாவா? இவளும் படுத்திருந்தா உங்க கட்டில்கிட்ட யாருங்க வந்திருப்பா?"

"விடு. அவர் பார்த்ததைத்தானே சொல்றார்"னு சோப்பு எழுந்து சமையலறைக்குப் போயிட்டா. நாங்க உட்கார்ந்த இடத்துலேர்ந்து தொட்டி நேரா தெரியும். வழக்கம் போல குழாயைத் திறந்தா, சோப்பை எடுத்துக் கையைத் தேய்க்க ஆரம்பிச்சா.

பேசிட்டே இருந்த மனுஷன் சட்டுனு நிறுத்தினார். அவர் கை தானா மூக்குக்குப் போச்சு, அங்க இல்லாத முகமூடியைத் தடவித் தேடுச்சு.

சோப்பு திரும்பினா. பார்த்துட்டா. குழாயை மூடி, நுரையை அலசாமலே துண்டுல துடைச்சுக்கிட்டா.